ஆறாம் அத்தியாயம்: வீடு வாங்குகிறவருக்குத் தரகர் அவசியந்தானா?

அமெரிக்காவில் முதன்முதலாக வீடு வாங்கப் புறப்படும் நம்மவர்கள், கடன் எவ்வளவு கிடைக்கும், பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி அலைந்த பிறகு, மூன்றாவதாக ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். நமக்கென்று ஒரு தரகரை, இங்குள்ள பேச்சு வழக்கில் சொன்னால் ஓர் ஏஜெண்டை அல்லது ரியல்டரை, அமர்த்திக்கொள்ளத்தான் வேண்டுமா? 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரையில் இந்தக் கேள்வியை யாரும் அதிகமாகக் கேட்டதில்லை. ஏனெனில், கேட்பதற்கு முன்பே எல்லோரும் ஒரே விடையைத் தயாராக வைத்திருந்தார்கள். "வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒரு காசும் செலவில்லை, விற்கிறவர்தான் கொடுக்கிறார்" என்பதே அந்த விடை.

நானும் அதை நம்பியவன்தான். நியூ ஜெர்சியில் என் முதல் வீட்டைக் கிரயம் செய்துகொண்ட நாளில், வக்கீல் அலுவலகத்து மேஜையின்மேல் விரித்து வைத்த கணக்குத் தாளில், விற்பவருடைய பத்தியில் இரண்டு தரகர்களுக்குமாகச் சேர்த்துப் பெருந்தொகை ஒன்று கழிக்கப்பட்டிருந்ததையும், என் பத்தியில் அந்த இடம் வெறுமையாக இருந்ததையும் கண்டு திருப்தி அடைந்தேன். வீடு திரும்பும் வழியில்தான், அந்த மேஜைக்குப் பணம் கொண்டுவந்தவன் நான் ஒருவனே என்பதும், விற்றவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கூலி நான் கொடுத்த கிரயத் தொகையிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதும், அந்தத் தொகைக்கு முப்பது வருஷம் வட்டி கட்டப் போகிறவனும் நானே என்பதும் மெல்ல மெல்ல விளங்கின.

ஆகையால் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, தரகர் கூலி பற்றிய புதிய விதிகள் வாங்குகிறவர் தலையில் புதிய செலவு ஒன்றை ஏற்றிவிட்டன என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விலைக்குள்ளே மறைந்திருந்த ஒரு செலவை வெளியே எடுத்து, வாங்குகிறவரின் கண்முன் வைத்து, அதில் அவருடைய கையொப்பத்தையும் அவை கேட்கின்றன, அவ்வளவுதான். தரகர் வேண்டுமா என்ற கேள்வி, இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி என்றால் வேண்டுமா என்று கேட்கத்தக்க கேள்வியாக இப்போதுதான் மாறியிருக்கிறது. இது பெரிய அனுகூலம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மாத்திரமே அனுகூலம்.

நம் ஊரில் மனையோ வீடோ கைமாறும்போது, விற்கிறவரும் வாங்குகிறவரும் தத்தம் பங்கைத் தரகர் கையில் கொடுப்பதே நாம் பார்த்து வளர்ந்த வழக்கம். அமெரிக்காவில் 2024 வரை இருந்த சம்பிரதாயம் வேறு. விற்பவர் தம் தரகரோடு ஒப்பந்தம் செய்து, கிரயத்தில் நூற்றுக்கு ஐந்தோ ஆறோ தருவதாக ஒப்புக்கொள்வார். அந்தத் தரகர், எம்.எல்.எஸ். என்னும் தரகர்களின் பொதுப் பட்டியலில் வீட்டைச் சேர்க்கும்போதே, வாங்குபவரை அழைத்துவரும் தரகருக்குத் தம் கூலியில் ஏறக்குறையப் பாதியைத் தருவதாக அதில் குறித்துவிடுவார். இந்த ஏற்பாடு வேரூன்றிய காலத்தில் இரண்டு தரகர்களுமே சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் விற்பவரின் ஆட்கள்தாம். வாங்குகிறவரைக் காரில் ஏற்றி ஊரெல்லாம் சுற்றிக் காட்டியவர்கூட, "இன்னும் பத்தாயிரம் வேண்டுமானாலும் தருவேன்" என்று அவர் வாய்தவறிச் சொன்னதை விற்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையுடையவராக இருந்தார். 1990களில்தான் வாங்குபவருக்கென்றே உழைக்கும் தரகர் என்ற முறை பரவலாயிற்று. கடமை மாறியது, கூலி வரும் வழி மாறவில்லை. வாங்குபவருக்காகப் பேரம் பேசவேண்டிய மனிதர், தம் கூலி என்ன என்பதை எதிர்த்தரப்பார் குறித்த பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டார். குறைந்த கூலி குறித்திருந்த வீடுகளைத் தம்மை நம்பி வந்தவருக்குக் காட்டாமலே விட்டுவிடும் சபலத்துக்கும் அது இடமளித்தது.

இதை எதிர்த்து, மிஸௌரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் சிலர் 2019இல் வழக்குத் தொடுத்தார்கள். எதிர்த்தரப்புக்கு உழைத்தவருக்கு நாங்கள் ஏன் கூலி கொடுக்கவேண்டும் என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். கான்ஸஸ் நகரத்து ஃபெடரல் நீதிமன்றத்தில் 2023 அக்டோபர் 31ஆம் தேதி ஜூரிகள், தேசிய ரியல்டர்கள் சங்கமும் பெரிய தரகு நிறுவனங்கள் சிலவும் கூடிச் சதி செய்து கூலியை உயர்த்தி வைத்திருந்தன என்று தீர்மானித்து, சுமார் 178 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். இத்தகைய வழக்குகளில் அந்தத் தொகை மும்மடங்காகவும் சட்டத்தில் வழியுண்டு. அடுத்த ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கவும், தன் விதிகளை மாற்றிக்கொள்ளவும் சங்கம் சம்மதித்துச் சமரசம் செய்துகொண்டது. மாறிய விதிகள் 2024 ஆகஸ்டு 17 முதல் நடைமுறைக்கு வந்தன.

விதிகள் இரண்டு. தரகரின் கூலியாக இவ்வளவு தரப்படும் என்று பொதுப் பட்டியலில் குறிக்கக் கூடாது என்பது ஒன்று. வாங்குபவரோடு சேர்ந்து உழைக்கும் தரகர், நேரில் ஆனாலும் சரி, காணொளியில் உடனுக்குடன் ஆனாலும் சரி, ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே அவரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. அந்த ஒப்பந்தத்தில் கூலி இன்ன தொகை, அல்லது இன்ன விகிதம் என்று திட்டமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்; 'விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு' என்று எழுதுவது செல்லாது. எழுதிய அளவுக்கு மேல் யாரிடமிருந்தும் அவர் பெற்றுக்கொள்ளக் கூடாது. கூலி என்பது சட்டம் விதித்ததல்ல, பேசித் தீர்மானிக்கத்தக்கது என்ற வாசகமும் பளிச்சென்று கண்ணில் படும்படி அதில் இருக்கவேண்டும். இந்தக் கடைசி வாசகம் புதிய சங்கதி என்று நினைக்கவேண்டாம். தரகர் சங்கங்கள் கூலி விகிதத்தைத் தமக்குள் நிர்ணயித்துக்கொள்வது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1950இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருந்தும், "இங்கே இதுதான் ரேட்" என்ற பேச்சு முக்கால் நூற்றாண்டாக நிலைத்து வருகிறது.

தரகர் செய்யும் வேலை என்ன என்பதைப் பகுத்துப் பார்த்தால்தான், அவர் வேண்டுமா என்பதற்கு விடை கிடைக்கும். வீடு தேடித் தருவதும் கதவைத் திறந்து காட்டுவதும் ஒரு காலத்தில் அவருடைய முக்கியமான சேவை. பொதுப் பட்டியல் அவர் கையில் மாத்திரம் இருந்தது. இன்று இரவு பத்து மணிக்குப் படுக்கையில் கிடந்தபடியே நீங்கள் ஜில்லோ இணையதளத்தில் பார்ப்பதைத்தான் அவரும் பார்க்கிறார். விற்பவரின் தரகர், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி வாரக் கடைசியில் நடத்தும் ஓபன் ஹவுஸுக்கு, தரகரோ ஒப்பந்தமோ இல்லாமல் நீங்களாகவே போய்வரலாம். விதி அதைத் தடுக்கவில்லை. ஆகவே, வீடு காட்டுவதற்காக மட்டும் ஒருவருக்குக் கிரயத்தில் நூற்றுக்கு இரண்டரை கொடுப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய உண்மையான வேலை, வீடு பிடித்துப்போன பிறகே ஆரம்பமாகிறது. அந்தத் தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகள் என்ன விலைக்குப் போயின, எது ஏன் அதிகமாகப் போயிற்று என்று சொல்லி, எவ்வளவுக்கு ஆஃபர் வைப்பது என்பதில் உங்கள் ஆசையை அடக்கி நிறுத்துவது. பரிசோதனையில் குறை தென்பட்டால் விலகிக்கொள்ளும் உரிமை, வங்கியின் மதிப்பீடு கிரயத்துக்குக் குறைந்தால் விலகும் உரிமை, கடன் கிடைக்காவிட்டால் விலகும் உரிமை ஆகியவற்றில் எதை விட்டுக்கொடுத்தாலும் பாதகமில்லை, எதை உயிர் போனாலும் விடக்கூடாது என்று எடுத்துரைப்பது. கூரையும் சாக்கடைக் குழாயும் அஸ்திவாரமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்த ஐம்பது பக்கத்தில், பேரத்துக்கு உதவும் மூன்று விஷயங்களைப் பொறுக்கி எடுத்து எதிர்த்தரப்பிடம் பேசுவது. ஒவ்வொரு கெடுவும் தப்பாமல் பார்த்துக்கொள்வது. இவற்றைச் சிரத்தையாகச் செய்கிற தரகர் தம் கூலிக்கு முழுவதும் அருகதை உள்ளவர். கடன் கொடுக்கும் வங்கி 6,00,000 டாலர் வீட்டை 5,80,000 என்று மதிப்பிட்டு, அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்ற தகராறு எழும் நாளில், அனுபவமில்லாத ஒருவர் தனியாக நின்று படும் வேதனையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளுக்காகவே தரகரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களை நான் மறுக்கமாட்டேன்.

இருந்தாலும் ஒரு கணக்கை மனத்தில் வைத்திருப்பது நல்லது. மேற்சொன்ன 6,00,000 டாலர் வீட்டில் நூற்றுக்கு இரண்டரை என்றால் கூலி 15,000 டாலர். உங்கள் தரகர் மூன்று நாள் மன்றாடி விலையில் 20,000 டாலரைக் குறைத்தால், உங்களுக்கு 20,000 மிச்சம். அவருக்கு 500 நஷ்டம். அந்த 500 அற்பந்தான். யோக்கியமான மனிதர் எவரும் அதற்காகத் தர்மம் தவறமாட்டார். ஆனால் "இந்த வீடு வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் அன்றைக்கு அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆகையால் ஒரு தரகரைத் தேர்ந்தெடுக்குமுன், கடந்த ஓராண்டில் எத்தனை பேரை வீடு வாங்காமல் தடுத்தீர்கள், ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை வீடு விற்றார் என்பதைவிட இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் விடையே அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்.

நீங்கள் எந்த மாநிலத்தில் வாங்குகிறீர்கள் என்பதும் விடையை மாற்றிவிடும். நியூ ஜெர்சியில் தரகர் தயாரித்த வீட்டு ஒப்பந்தத்தை வக்கீல் பார்வையிட்டுத் திருத்தவோ ரத்து செய்யவோ மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. நியூயார்க் நகரத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் கிரய ஒப்பந்தத்தைத் தயாரிப்பவர்களே வழக்கமாக வக்கீல்கள்தாம். வக்கீல் பெறுவதோ பெரும்பாலும் திட்டமான ஒரு தொகை. வீட்டு விலை ஏறுவதனால் அது ஏறுவதில்லை. இத்தகைய இடங்களில் தரகர் இல்லாமல், நல்ல வக்கீல் ஒருவரையும் நல்ல இன்ஸ்பெக்டர் ஒருவரையும் துணைக்கொண்டு காரியத்தை நடத்திவிடுவது சாத்தியமே. கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் வக்கீல் இல்லாமலே, பணத்தையும் பத்திரத்தையும் இரு தரப்புக்கும் பொதுவாக நின்று கைமாற்றும் எஸ்க்ரோ அல்லது டைட்டில் நிறுவனத்தின் வழியாகக் கிரயம் முடிவது வழக்கமாதலால், அங்கே தரகரையும் விட்டுவிட்டால் உங்கள் பக்கத்தில் நிற்பவர் ஒருவரும் இல்லை. தரகர் வேண்டாமென்று தீர்மானிக்கும் டெக்ஸாஸ்வாசி, சொந்தச் செலவில் ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

முன்பே இரண்டொரு வீடு வாங்கி விற்ற அனுபவமுள்ளவர், தெரிந்த நண்பரிடமோ தாம் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடமோ நேராக வாங்குகிறவர், அவசரமில்லாமல் ஒரே பேட்டையை வருஷக்கணக்கில் கவனித்து வந்தவர் ஆகியோர் தரகரின்றிச் சமாளிக்கலாம். முதல் வீடு வாங்குகிறவர், வேறு ஊரிலிருந்துகொண்டு வாங்குகிறவர், ஒரே வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டியிடும் சந்தையில் இறங்குகிறவர் ஆகியோருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

தரகர் வேண்டாமென்பவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். விற்பவரின் தரகர் மிகவும் நல்ல மனிதராகத் தோன்றுவார். "தனியாக ஒருவர் எதற்கு, நானே எல்லாப் பத்திரங்களையும் தயார் செய்து தருகிறேன்" என்பார். அவர் கடமைப்பட்டிருப்பது விற்பவருக்கு. உங்கள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தையும் அங்கே போய்ச் சேரும் என்று எண்ணியே அவரோடு பேச வேண்டும். இரு தரப்புக்கும் அவரே தரகராக இருக்க உங்கள் சம்மதம் கேட்பாரானால், அதற்குப் பல மாநிலங்களில் சட்டம் இடங்கொடுத்தாலும், சில மாநிலங்கள் அதை அறவே தடுத்திருப்பதன் காரணத்தை யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அடுத்தது, தரகர் இல்லாததனால் மிச்சப்படும் தொகை தானாகவே உங்கள் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை. விற்பவருக்கும் அவருடைய தரகருக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்து, அந்தத் தொகை விற்பவரிடமோ அந்தத் தரகரிடமோ தங்கிவிடலாம். எனக்குத் தரகர் இல்லை, ஆகவே விலையில் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன் என்று ஆஃபரிலேயே எழுதினால்தான் அது பேச்சுக்கே வரும். புதிதாகக் கட்டும் வீடுகளில் பில்டர் உட்காரவைத்திருக்கும் விற்பனைக்காரரும் பில்டரின் ஆளே. உங்கள் தரகரை அழைத்துப் போவதானால் முதல் தடவையே அழைத்துப் போய்ப் பெயரைப் பதிவு செய்துகொள்ளாவிட்டால், பல இடங்களில் பில்டர் அவருக்குக் கூலி தர மறுத்துவிடுவார்.

இனி ஒப்பந்தத் தாள். நம்மவர்களிடம் நான் காணும் பெரிய குறை தாட்சண்யம். ஏஜெண்ட் என்பவர் பெரும்பாலும் கோயிலில் பழக்கமானவர், தமிழ்ச் சங்கத்து விழாவில் கூடவே பரிமாறியவர், அல்லது மனைவியின் சிநேகிதிக்கு நாத்தனார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்கக் கிளம்பும்போது, செல்பேசியில் ஓர் ஒப்பந்தத்தை அனுப்பி, "இது ஃபார்மாலிட்டிதான், ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்கிறார். அக்கா சொல்லும்போது எப்படி மறுப்பது என்று இவரும் விரலால் கிறுக்கிவிடுகிறார். வீட்டு வாசலில் நின்றுகொண்டு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது. இரண்டு நாள் முன்னதாகக் கேட்டு வாங்கி, மேஜைமேல் வைத்துப் படியுங்கள்.

முதலில் கூலி. நூற்றுக்கு மூன்று என்றிருந்தால் இரண்டு என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. வீட்டை நீங்களே கண்டுபிடித்து வைத்திருந்தால், விகிதமே வேண்டாம், திட்டமான ஒரு தொகை சொல்லுங்கள் என்று கேட்பது இன்னும் நியாயம். பிறகு காலம். ஆறு மாதம் என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் முப்பது நாள் என்று எழுதச் சொல்லலாம். புதியவரானால் ஒரு நாளுக்கு, அல்லது ஒரு வீட்டுக்கு மட்டும் என்றுகூட ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மாவட்டம் முழுவதற்கும் அல்லாமல், நீங்கள் தேடும் இரண்டு ஊர்களுக்கு மாத்திரம் என்று எல்லை கட்டுங்கள். ஏகபோக உரிமை கொடுக்கும் வாசகம் இருக்குமானால், நீங்களே தனியாகப் போய் வாங்கினாலும் அவருக்குக் கூலி கொடுக்கும்படி நேரலாம். மேலும், காலம் முடிந்த பின்னும் அவர் காட்டிய வீட்டை இத்தனை நாளுக்குள் வாங்கினால் கூலி உண்டு என்று சொல்லும் ஒரு சிறு பிரிவு பெரும்பாலும் தாளின் பிற்பகுதியில் இருக்கும்; அதை நீக்க இசையாவிட்டாலும், தாம் காட்டிய வீடுகளின் ஜாபிதாவை எழுதிக்கொடுக்கும்படி கேளுங்கள். இவற்றையெல்லாம் கேட்டதும் முகம் சுளிக்கிறவர், உங்களுக்காக எதிர்த்தரப்பிடம் எப்படிப் பேரம் பேசுவார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கூலியை நீங்களே கொடுப்பதாகக் கையெழுத்திட்டதனால், கையிலிருந்துதான் கொடுக்கவேண்டும் என்பதில்லை. பொதுப் பட்டியலில் குறிக்கக் கூடாதே தவிர, விற்பவர் விரும்பினால் உங்கள் தரகரின் கூலியை இன்றும் தாராளமாகக் கொடுக்கலாம். பலர் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆகவே ஆஃபரிலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதலாம். விற்பவர் பார்ப்பது எல்லாம் போகத் தம் கையில் நிற்கும் தொகை எவ்வளவு என்பதைத்தான். அவர் கூலி தர இசையாவிட்டால், விலையைச் சிறிது உயர்த்திக் கூலியை அவர் தரும்படி கேட்கலாம், ஆனால் வங்கியின் மதிப்பீடு அந்த உயர்ந்த விலைக்கு வரவேண்டும். இவ்வாறு கேட்பதன் காரணம், தரகர் கூலியை வீட்டுக் கடனோடு தனியாகச் சேர்த்து வாங்குவதற்கு வழக்கமான கடன்களில் வழியில்லாமையே. முன்பணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவரிடம் இன்னொரு 15,000 டாலர் ரொக்கம் இராது. விற்பவர் வாங்குபவருக்குச் செய்யும் உதவிகளுக்குக் கடன் விதிகளில் உச்சவரம்பு உண்டென்றாலும், வழக்கப்படி விற்பவர் கொடுக்கும் தரகர் கூலி அந்த வரம்பில் சேராது என்று, வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய இரண்டும் தெளிவுபடுத்தியிருக்கின்றன. இராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கான வி.ஏ. கடனில் வாங்குபவர் தரகருக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்றிருந்த தடையும் 2024 ஆகஸ்டு 10 முதல் தாற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது.

கிரயத்துக்கு மூன்று வேலை நாள் முன்னதாகக் கணக்கு விவரத் தாளை உங்களுக்குத் தந்தாகவேண்டும் என்பது ஃபெடரல் சட்டத்தின் ஏற்பாடு. அது வந்தவுடன், தரகரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அதன் பக்கத்தில் வைத்து, உங்கள் தரகருக்கென்று இரண்டு பத்திகளிலும் எழுதியிருக்கும் தொகைகளைக் கூட்டிப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு என்று நீங்கள் எழுதிக்கொடுத்திருக்க, விற்பவர் பத்தியில் இரண்டரை என்று கண்டால், அந்த மிகுதியான அரை உங்கள் தரகருக்கு உரியதல்ல. கிரயம் முடிந்த பிறகு அதைத் திரும்பப் பெறுவது வெகு சிரமமாதலால், அன்றைக்கே வக்கீலையோ டைட்டில் நிறுவனத்தையோ கூப்பிட்டுத் தாளைத் திருத்தச் சொல்லுங்கள்.